அட்டையில் பொறித்த முகவரி மாறுமா?

ஒரே கம்பியில் பல கணிப்பொறிகளை இணைத்தால், வரும் செய்தி எதற்குரியது என்பதை அவை எவ்வாறு அறியும்? ஒவ்வொன்றுக்கும் முகவரி வேண்டுமல்லவா?

1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஈதர்நெட் 8 பிட் முகவரியைக் கையாண்டது. 256 எண்களுக்கு மேல் இல்லை! ஒரு கட்டடத்துக்கு அது போதும், உலகுக்குப் போதாது. எனவே 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் நிறுவனங்கள் கூடி 48 பிட் முகவரியை வகுத்தன. இதில் சுமார் 281 லட்சம் கோடி எண்கள் அடங்கும். முதற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். பிற்பாதி அந்த அட்டையைக் குறிக்கும். இதுவே மேக் முகவரி.

அட்டையில் பொறித்த எண்ணை மாற்ற இயலுமா? பொறித்ததை அழிக்கத் தேவையில்லை. அட்டை இயங்கும்போது செய்தியில் இடம்பெறுவது, நினைவகத்திலுள்ள அதன் நகலே. நகலை மாற்றினால் போதும். 1980-களில் டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் வலையமைப்பு இதையே செய்தது: கணிப்பொறியின் வலை எண்ணிலிருந்து புது முகவரியைக் கணக்கிட்டு அட்டைக்கு இட்டது. பின்னர் ஐ.இ.இ.இ. தரமும், உள்ளூரில் இட்ட முகவரியைப் பிரித்தறிய ஒரு பிட்டை ஒதுக்கியது.

வலையமைப்பின் வாயிலைக் காக்கும் கணிப்பொறி தீயரண் (ஃபயர்வால்) எனப்படும். அது பழுதாகி வேறொன்றை வைக்கிறோம். இணையச் சேவை நிறுவனமோ பழைய முகவரியை மட்டுமே ஏற்கிறது! அப்போது பழைய எண்ணைப் புதிய அட்டைக்குத் தற்காலிகமாக இடுவார்கள். எங்கும் சேமித்து வைக்காவிட்டால், மறுபடி இயக்கியதும் பொறித்த எண்ணே திரும்பிவிடும்.

நாம் மாற்றக்கூடியதை அந்நியனும் மாற்றலாம். ஆகவே முகவரி ஒரு பெயர்ப்பலகையே. ஆள் இன்னாரென்பதற்குச் சான்று அன்று. அதை மட்டும் நம்பிக் கதவைத் திறக்கலாகாது.