தேய்ந்த தண்டு

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் 1867ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தின் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவருடைய முதல் தொழிற்சாலை வீட்டுத் தாழ்வாரமே. கொழுந்தை மேசையிற் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டினர். மண் அடுப்பில் கரிநெருப்பிட்டு உலர்த்தினர். 1872இல் அவர் உருட்டும் பொறியொன்றை அமைத்தார். பின்னர் அவ்வேலை இரும்புக்குப் போயிற்று. அந்த இரும்பைப் பேணும் வேலை யார் கைக்குப் போயிற்று என்பதை இவ்வரலாறுகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

1885இல் ரயில் நானுஓயாவை எட்டியபின் கனத்த இயந்திரங்களை மலைக்கு ஏற்றுதல் எளிதாயிற்று. நீர்விசையோ எண்ணெய் எஞ்சினோ சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு தொழிற்சாலையின் நெடுக ஓடும். அதிலிருந்து பட்டைகள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும். தொழிலாளருக்குத் தொழிற்சாலை 'ஸ்டோர்'. உருட்டும் இயந்திரம் 'ரோதை'. தண்டு நின்றால் ரோதைகள் யாவும் நின்றுவிடும். வாடிய கொழுந்தோ காத்திராது.

தண்டைத் தாங்கும் இடத்தில் வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகம் வார்க்கப்பட்டிருக்கும். தண்டைத் தேயவிடாது தான் தேய்வதே அதன் பணி. ஆயின் எண்ணெய் வற்றித் தூசும் மணலும் படிந்தால், துகள்கள் அவ்வுலோகத்திற் பதிந்து அரம்போலத் தண்டையே அராவும். தேய்வு சிறிதாயின் அவ்விடத்தை மெருகிட்டு, புதிய உலோகத்தை உருக்கி வார்ப்பர். விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துத் தண்டிற் பூசிச் சுழற்றினால் உலோகத்தின் மேடுகளில் கரி ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, மீண்டும் பூசுவர். பொறுமைக்கு இதைவிடக் கடிய பள்ளி நாம் அறியோம். தேய்வு பெரிதாயின், தண்டைக் கழற்றிப் பட்டறையில் ஒரே அளவாகக் கடைந்து, சூட்டில் விரிந்த இரும்பு உறையை அதன்மேற் செருகுவர். உறை குளிர்ந்து இறுகியதும் பழைய அளவுக்குக் கடைந்து, நூல் பிடித்து நேர் பார்ப்பர். கோணினால் பட்டை நழுவும். நழுவும் பட்டை கையையும் பற்றும். தோட்ட மக்கள் ரோதைமுனி என்றொரு தெய்வத்தை வழிபட்டு வந்தது இவ்வச்சத்தினால்தான் எனக் கருதுகிறோம்.

இத்தகைய நுட்பம் அறிந்த மக்களையே 1948ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை அற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. கப்பலேறியோருள் ரோதையின் ஓசை கேட்டே பழுதை அறிந்தவர்களும் இருந்தனர். மின்சாரம் பரவ, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்தது; நெடுந்தண்டுகள் ஓய்ந்தன.

கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்று இப்போது தேயிலை அருங்காட்சியகம். மாணவரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். இயந்திரங்களைச் செய்த கம்பனிகளின் பெயர்களை அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். "இதைப் பழுதுபார்த்தவங்க பேர் எங்க சேர் இருக்கு?" என்றாள் ஒரு மாணவி. தன் பாட்டனார் ஸ்டோரில் தண்டுக்கு எண்ணெய் விட்டவர் என்பதை, திரும்பும் வழியிற்றான் சொன்னாள்.