பெயரில் நின்ற பிழை

மலாயாத் தோட்டத் தமிழரை வாட்டிய கொக்கிப்புழு, பாதத்தின் வழியே புகுவது. அதனை ஆராய 1915-இல் ராக்கபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழுவை நடத்தியவர் சாமுவேல் டார்லிங். மூச்சின் வழியே புகும் வேறொரு நோயை 1905-இலேயே பனாமாவில் கண்டவரும் அவரே. இறந்த தொழிலாளி ஒருவரின் உடலில் கண்ட நுண்ணுயிரை உறையுடைய ஒருசெல் விலங்கெனக் கருதி, ‘ஹிஸ்டோபிளாஸ்மா காப்சுலாட்டம்’ எனப் பெயரிட்டார். அதற்கு உறையுமில்லை, அது விலங்குமன்று. பூஞ்சையே என்பதை 1934-இல் டிமான்பிரன் வளர்த்துக் காட்டினார்.

பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் இப்பூஞ்சை இழையாக வளர்கின்றது. மண்ணைக் கிளறினால் வித்துகள் காற்றில் எழுந்து, மனிதன் முதலான பாலூட்டிகளின் நுரையீரலை அடைகின்றன. அங்கே உடல் வெப்பத்தால் ஈஸ்டாக உருமாறி, விழுங்க வரும் காவல் அணுக்களுக்குள்ளேயே பெருகுகின்றன.

ஆயர் தாவாரிலிருந்து ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகளுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், எச்சம் குவிந்த இடத்தைக் கிளறவிடலாகாது. டார்லிங்கின் பிழை திருந்தியது. பெயர் மட்டும் நிலைத்தது. முன்னோர் கண்டதைப் போற்றுதலும், அதனை மீண்டும் ஆராய்தலும் கல்வியின் இரு கண்களாகும்.