எவர்சில்வரிலும் ஓட்டை விழும்

போன வாரம் அம்மா தொலைபேசியில் சொன்ன முதல் செய்தி: "மக்கா, தொட்டிக்குக் கீழ எல்லாம் நனைஞ்சு கெடக்கு."

பாறசாலை வீட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டியில் கடுகளவு இரண்டு ஓட்டைகள். பார்க்க வந்தவர் புதிதாக மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு மனசில்லை. அப்பா வாங்கிப் போட்ட தொட்டி. மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய? வழக்கம்போல வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். (வேறென்ன தெரியும் நமக்கு!)

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் பித்தளையும் வெண்கலமும்தான். புளியும் மோரும் பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும். அதனால் ஈயம் பூசுகிறவர் வருவார். முற்றத்தில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி ஊதுவார். சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் இழுத்தால் உள்ளே நிலா மாதிரி வெளுக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். பித்தளை உருக அதைப்போல நாலு மடங்கு வேண்டும். பாத்திரத்துக்குச் சேதமில்லாமல் பூச முடிந்ததன் ரகசியம் இதுதான். ஓட்டை இருந்தால் அதையும் பற்றவைத்துவிடுவார்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே கோடு விழுந்தது. ஆனால் "ஈயம் பூசணுமா, ஈயம்" என்ற குரலுக்கு இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மலையாளத்திலும் அது ஈயம்தான்.

அந்தக் குரலை நிறுத்தியது எவர்சில்வர். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமலிருக்க குரோமியம் கலந்த எஃகைச் சோதித்தபோது, அது துருப்பிடிக்காததைக் கண்டார். சேலம் உருக்காலை 1981-இல் ஓடத் தொடங்கியபோது இந்த உலோகத்துக்கு நம் ஊர்ப் பெயரும் வந்தது. களிம்பு இல்லை, ஈயம் பூச வேண்டாம். எங்கள் வீட்டுப் பித்தளையும் ஒவ்வொன்றாக எடைக்குப் போனது.

சரி, அழியாத வெள்ளிக்கு ஏன் ஓட்டை? அதன் மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். அதன் எதிரி குளோரைடு: உப்பு, பிளீச்சிங் பவுடர். படலம் ஓரிடத்தில் உடைந்தால் அந்தக் குழிக்குள் அமிலம் ஊறி, அரிப்பு அகலமாகப் பரவாமல் ஆழமாக இறங்கும். விசாரித்தேன். துணி வெளுக்க பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ராத்திரி முழுக்க அந்தத் தொட்டியில்தான் வைத்திருந்திருக்கிறார்கள்!

பழைய நவச்சார வித்தையும் இங்கே பலிக்காது. பித்தளையின் அழுக்கைக் கரைக்கும் நவச்சாரம், குரோமியம் படலத்திடம் தோற்றுப்போகும். பற்றவைக்கக் கடுமையான அமிலக் கலவை வேண்டும். அது சரியாகக் கழுவப்படாவிட்டால் அதுவே அடுத்த ஓட்டையைப் போடும்.

ஆகவே சுலபமான வழியைச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கத் தொட்டியைக் காயவிடுங்கள். அடிப்பக்கத்தில் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். இரண்டு பகுதியாக வரும் எப்பாக்சிப் பசையைக் கலந்து தடவி, சின்ன எவர்சில்வர் தகட்டை வைத்து அழுத்துங்கள். மறுநாள் வரை தண்ணீர் கூடாது. கொதிக்கும் கஞ்சித்தண்ணியை அதன்மேல் கொட்டவும் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் செய்து கொடுத்தான். இதுவரை ஒழுகவில்லை.

நேற்று அம்மா சொன்னார்: "அந்தக் காலத்துல இதுக்கு ஒரு ஆளு வாசலுக்கே வருவாரு. இப்ப ஆஸ்திரேலியாவுலேர்ந்து நீ சொல்லணும்."

பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் கடைசியாக ஈயம் பூசியது எந்த வருடம்? நினைவிருந்தால் எழுதி வையுங்கள் நண்பர்களே.