சீன மருத்துவத்தில் உள்வெப்பம்: தனிக்குறியும் குறித்தொகுதியும்

மரபுவழிச் சீன மருத்துவம் கூறும் உள்வெப்பம் வெப்பமானி காட்டும் அளவு அன்று. தொட்டால் சுடாத உடலிலும் அது இருக்கலாம். காய்ச்சலில் கொதிக்கும் உடலிலும் நோயின் மூலம் குளிர்ச்சியாக இருக்கலாம். முகச்சிவப்பு, வாய்ப்புண், பரு, மலச்சிக்கல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டதுமே வெப்பம் என முடிவு செய்வது அம்மருத்துவ நூல்களின் முறை அன்று. குவாங்டொங், ஹாங்காங் வட்டாரங்களில் தொண்டை கரகரத்தவுடன் அதை உள்வெப்பமாகக் கருதிக் கசப்பு மூலிகைத் தேநீர் அருந்துவார்கள். சீன அரசு அத்தேநீரை 2006இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மதிக்கத்தக்க வீட்டு வழக்கமே எனினும், அதை நோயறிதலாகக் கொள்ள இயலாது.

உடலைச் சூடேற்றி இயக்கும் யாங் மிகுந்தாலும் வெப்பம் தோன்றும், அதைக் குளிர்வித்து ஈரமாக்கும் யின் குறைந்தாலும் தோன்றும் என்ற அடிப்படைப் பிரிவைப் பண்டைய மருத்துவ நூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ வகுத்தது. முதல் வகையாகிய மிகை வெப்பத்தின் தெளிவான வடிவம், கி.பி. 200ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் இயற்றிய ‘ஷாங்ஹான் லுன்’ விவரிக்கும் யாங்மிங் என்னும் நோய்நிலையில் உள்ளது. கடுங்காய்ச்சல், பெருவியர்வை, குளிர்ந்த நீரை நாடும் பெருந்தாகம், பொங்கி எழும் நாடி ஆகிய நான்கும் அங்கே ஒருங்கே நிற்கும். ஜிப்சம் சேர்ந்த வெண்புலிக் கஷாயம் அதற்குரிய மருந்து. மிகை வெப்பம் உறுப்புகளிலும் தங்கும். கண் சிவந்து, வாய் கசந்து, சினம் மூண்டால் கல்லீரல் நெருப்பு. ஈறு வீங்கி, வாய் நாறி, உண்டவுடன் பசித்தால் இரைப்பை நெருப்பு.

யின் குறைவால் வரும் வெப்பம் வேறு இயல்பினது. உலைநீர் வற்றினால், அடுப்பைத் தூண்டாமலே பானை காய்ந்துவிடுகிறது. பிற்பகலில் ஏறும் இளஞ்சூடு, உள்ளங்கை, உள்ளங்கால், மார்பு ஆகிய இடங்களில் எரிச்சல், உறக்கத்தில் வியர்வை, கன்னமேட்டில் மட்டும் சிவப்பு, வாய் உலர்ந்தும் மிடறு மிடறாகவே நீர் பருகுதல் ஆகியன இதன் குறிகள். மருத்துவர் ஜூ தான்சி (1281–1358) மனிதரிடம் யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் குறைவு என்று வாதிட்டு, யின்னை ஊட்டுவதைச் சிகிச்சையின் மையமாக்கினார். இதே குறிகள் காசநோயிலும் தைராய்டு மிகைச் சுரப்பிலும் காணப்படுகின்றன. ஆதலால் யின் குறைவு என்று பெயரிடுவது சளி, இரத்தப் பரிசோதனைகளுக்கு ஈடாகாது.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிய நாக்கே சிறந்த சான்று. இரண்டிலும் நாக்கு சிவக்கும், நாடி விரையும். ஆகவே நிறமும் வேகமும் மட்டும் போதா. மிகை வெப்பத்தில் நாவின்மேல் தடித்த மஞ்சள் படிவு இருக்கும். நாடி வலுவாக அடிக்கும். யின் குறைவில் படிவு அருகியோ உரிந்தோ காணப்படும், பரப்பில் வெடிப்பு விழும், நாடி நூலாய் மெலியும். சிவப்பின் இடமும் பொருளுடையது: நுனி இதயத்தையும், ஓரங்கள் கல்லீரலையும், நடுப்பகுதி இரைப்பையையும் சுட்டும். 18ஆம் நூற்றாண்டில் மருத்துவர் யே தியான்ஷி இப்பார்வையைக் காலவரிசையாக்கினார். வெப்பநோய் வெய் (காப்பு), ச்சி (உயிராற்றல்), யிங் (ஊட்டம்), ஷுவே (குருதி) என்ற நான்கு அடுக்குகளில் ஆழ்ந்து செல்வதை அவர் வகுத்தார். நாக்கு அடர்செந்நிறமாவது யிங் அடுக்கில் நோய் நுழைந்ததன் அடையாளம். உள்வெப்ப ஆய்வில் இதற்கு இணையான முன்னேற்றத்தைக் காண்பது அரிது. ஆயினும் காப்பி, புகையிலை முதலியன படிவுக்குச் சாயமேற்றும் என்பதால் நாவின் சான்றையும் விசாரித்தே ஏற்க வேண்டும்.

மிகக் கடினமானது பொய்வெப்பம். உள்ளே குளிர் முற்றி, யாங் மேற்பரப்புக்குத் தள்ளப்படும்போது முகம் சாயம் பூசியதுபோல் சிவக்கும், உடலும் சுடும். ஆனால் நோயாளி போர்வையை விடமாட்டார், வெந்நீரே கேட்பார். கைகால் சில்லிட்டிருக்கும், சிறுநீர் தெளிந்து போகும், நாக்கு வெளுத்திருக்கும். நாடி பெரிதாகத் தோன்றினாலும் அழுத்தினால் வெறுமையாகும். மாறாக, கைகால் குளிர்ந்தும் மார்பு சுட்டு, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகி, குளிர்ந்த நீரை வேண்டினால் மூலம் வெப்பமே. முன்னவருக்கு ஜிப்சம் கொடுத்தால் எஞ்சிய யாங்கும் அணையும் என்பதால் மரபு நூல்கள் அவருக்குச் சுக்கும் பதப்படுத்திய அக்கோனைட் வேரும் சேர்ந்த வெப்ப மருந்தை விதிக்கின்றன. பின்னவருக்கு வெண்புலிக் கஷாயமே உரியது.