பந்தைப் பாராத காமிரா

2007 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, நியூ ஜெர்ஸி மாகாணத்து ஈஸ்ட் ரதர்ஃபோர்டில், மெடோலாண்ட்ஸ் என்னும் சதுப்பு நிலத்தில் எழுப்பியிருந்த ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில், நியூயார்க் ஜெட்ஸ் குழுவும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழுவும் அப்பருவத்தின் முதல் பந்தயத்துக்காக எதிரெதிரே நின்றன. பல்லாயிரம் ஜனங்களின் பார்வை பந்தோடு ஓடிக்கொண்டிருக்க, ஜெட்ஸ் தரப்புக் காவல் அதிகாரிகளின் பார்வை மாத்திரம் ஓரக்கோட்டருகே காமிராவும் கையுமாக நின்ற 26 வயது இளைஞன் ஒருவன்மேல் பதிந்திருந்தது. பேட்ரியட்ஸின் படப்பதிவு உதவியாளனான அவனுடைய காமிரா ஒரு முறையேனும் பந்தின் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்புறத்தில் நின்ற ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் கைகளையே அது பார்த்துக்கொண்டிருந்தது. பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே காமிராவும் அதனுள்ளிருந்த ஒளிநாடாவும் பறிமுதல் செய்யப்பட்டன. அன்று பேட்ரியட்ஸ் 38க்கு 14 என்ற கணக்கில் வென்றது. ஆனால் மறுநாள் காலையில் அந்த வெற்றியைப் பற்றிப் பேசியவர் அரிது.

நியூ ஜெர்ஸியின் எடிசனிலும், கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும், டெக்ஸாஸின் பிளேனோவிலும் குடியேறிவிட்ட நம்மவர் வீடுகளில், ஞாயிறு பிற்பகலில் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து இந்த அமெரிக்கக் கால்பந்தை ஆரவாரத்துடன் பார்க்கும்போது, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிமார், ‘ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அல்லவா அதிகமாயிருக்கிறது!’ என்று வியப்பதுண்டு. அந்த வியப்பு மிகவும் நியாயமானது. இந்த ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் அந்த நிற்கிற நேரத்தில்தான் அடங்கியிருக்கிறது. பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜ தூரம் முன்னேறியாக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால், ஏறக்குறைய நாற்பது விநாடி இடைவெளியில், தாக்குகிறவர்கள் எவ்வழியே செல்வது என்றும், தடுக்கிறவர்கள் எவ்வழியை அடைப்பது என்றும் இரு தரப்பும் மறைவாகத் தீர்மானிக்கின்றன. தாக்கும் குழுவின் தலைமகனான குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் 1994 முதல் ஒரு சிறு ரேடியோ அனுமதிக்கப்பட்டது. அதன் வழியே பயிற்சியாளர் அவன் காதில் பேசலாம், ஆனால் கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சியிருக்கையில் அக்குரல் துண்டிக்கப்பட்டுவிடும். தடுக்கும் தரப்புக்கோ அத்தகைய வசதி அப்போது இல்லை. ஆகவே அவர்களுடைய பயிற்சியாளர்கள், எண்பதினாயிரம் பேர் பார்த்திருக்க, தொப்பியைத் தொட்டும் தோளைத் தட்டியும் மார்பில் கைவைத்தும் சைகையால் தங்கள் ரகசியத்தை மைதானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வெட்டவெளியில் காட்டும் சைகையை எதிரி தன் கண்ணால் பார்த்து, தன் ஞாபகத்தில் இருத்தி, தன் புத்தியால் பொருள் கண்டுகொள்வானாகில் அதைக் குற்றம் என்று எவரும் சொன்னதில்லை. அது அவனுடைய சாமர்த்தியம். அதற்கு அஞ்சித்தான் ஒரே நேரத்தில் இருவர் மூவரை நிறுத்தி, ஒருவரை மெய்ச்சைகையும் மற்றவர்களைப் பொய்ச்சைகையும் காட்டச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. காமிரா செய்த வேலை வேறு. முதலில் பயிற்சியாளரின் கைகளைப் பிடித்தது. உடனே மேலே திரும்பி, எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம், எவ்வளவு நேரம் என்று காட்டும் அறிவிப்புப் பலகையைப் பிடித்தது. மறுபடியும் கைகளுக்கு இறங்கியது. பந்தயம் முடிந்து ஊர் திரும்பியபின், ஒவ்வொரு சைகையையும் அதன்பின் தடுப்பாட்டக்காரர்கள் உண்மையில் நின்ற நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இன்ன சைகைக்கு இன்ன வியூகம் என்று ஓர் அகராதியே தயாராகிவிடும். ஒரே பிரிவைச் சேர்ந்த குழுக்கள் பருவத்துக்கு இருமுறை மோதுவதால், முதற்பந்தயத்தில் தொகுத்த அகராதி இரண்டாம் பந்தயத்தில் பயன் தரும். குவார்ட்டர்பேக்கின் காதில் குரல் துண்டிக்கப்படுவதற்குள் ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும். பக்கத்து வீட்டார் உரக்கப் பேசுவது தானே காதில் விழுவதற்கும், சுவரில் துளையிட்டுக் காதை வைத்துக் கேட்பதற்கும் உள்ள பேதம் இது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தேசிய கால்பந்து லீக்கின் அபிப்பிராயமும் அதுவே. 2006 செப்டம்பரில் லீக்கின் உயர் அதிகாரியான ரே ஆண்டர்சன் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை, பந்தயம் நடக்கும்போது ஓரக்கோட்டிலிருந்தோ, குழு ஊழியர் செல்லக்கூடிய வேறு எவ்விடத்திலிருந்தோ எதிரியின் சைகைகளைப் படமெடுக்கலாகாது என்று சந்தேகத்துக்கு இடமின்றிக் கூறியது. அவ்வாண்டு நவம்பரிலேயே கிரீன் பே நகரத்தில் பேட்ரியட்ஸின் படப்பதிவாளர் இதே காரியத்துக்காக மைதானத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார். இவ்வளவுக்குப் பின்னும் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக், எடுத்த படத்தை அதே பந்தயத்தில் பயன்படுத்தக்கூடாது என்பதே விதியின் தாத்பரியம் என்று தாம் கருதியதாகச் சமாதானம் சொன்னார். விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் துருவித் துருவிப் படித்து, பிறர் காணாத இடைவெளிகளை அதில் கண்டு பிரசித்தி பெற்ற ஒருவர், இந்த ஒரு ஷரத்தை மாத்திரம் தவறாகப் படித்தார் என்பதை நான் ஏற்பதற்கில்லை. அவரைக் காட்டிக்கொடுத்தவரும் அந்நியரல்லர். ஜெட்ஸின் பயிற்சியாளர் எரிக் மாங்கினி, பல ஆண்டுகள் பெலிசிக்கிடம் தொழில் பயின்று 2006இல்தான் தனியே பிரிந்து வந்தவர். காமிரா எங்கே நிற்கும், எதை நோக்கும் என்பதை அறிந்திருந்தவர். விஷயம் இத்தனை தூரம் போய்விட்டதே என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார்.

இத்தகைய சந்தேகங்கள் இந்த ஆட்டத்துக்குப் புதியனவல்ல. 1967இல் டெக்ஸாஸின் டல்லாஸ் கவ்பாய்ஸ் குழுவை நிர்வகித்த டெக்ஸ் ஷ்ராம், தங்கள் பயிற்சி மைதானத்தருகே நின்ற மஞ்சள் நிற மோட்டார் ஒன்றில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ஒற்றன் இருந்ததாக லீக்கிடம் முறையிட, ராம்ஸின் பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலனோ, எங்கள் மைதானத்து யூகலிப்டஸ் மரத்தில் உங்கள் ஆள் ஏறியிருந்தானே என்று எதிர்வழக்காடினார். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கீழ்க்கரையில் ஓக்லண்ட் ரெய்டர்ஸை ஆண்ட ஆல் டேவிஸைப் பற்றி நிலவிய அச்சம் இன்னும் வேடிக்கையானது: அங்கே ஆட வந்த சான் டியேகோ பயிற்சியாளர் ஹார்லண்ட் ஸ்வேர், உடை மாற்றும் அறையின் விளக்குக்குள் ஒலிவாங்கி ஒளித்திருப்பதாக எண்ணி, அந்த விளக்கை அண்ணாந்து பார்த்து டேவிஸை ஏசினார். பின்னாளில் இதைப் பற்றிக் கேட்டபோது, விளக்கில் வைக்கவில்லை என்பது மாத்திரம் நிச்சயம் என்ற தோரணையில் டேவிஸ் விடையளித்தார்! கவ்பாய்ஸுக்கு, லீக்கின் இறுதிப் பந்தயமான சூப்பர் பவுலில் இரண்டு பட்டங்கள் வென்று கொடுத்த ஜிம்மி ஜான்சனும், 2007இல் இவ்விவகாரம் வெடித்தபோது, சைகைகளைப் படமெடுக்கும் வித்தையைக் கான்ஸாஸ் சிட்டி குழுவைச் சார்ந்த ஒருவர் தமக்குக் கற்றுக்கொடுத்ததாகவும், செய்து பார்த்ததில் பெரிய பயன் காணவில்லை என்றும் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

படமெடுக்காமலேயே எதிரியின் மனத்தை முழுவதும் அறிந்து வென்ற உதாரணமும் உண்டு. 1998 முதல் நான்கு பருவங்கள் ஓக்லண்டைப் பயிற்றிய ஜான் க்ரூடன், 2002இல் டாம்பா பே குழுவுக்கு மாறினார். 2003 ஜனவரி 26 அன்று சூப்பர் பவுலில் தம் பழைய குழுவையே எதிர்க்க நேர்ந்தபோது, பயிற்சியில் ஓக்லண்டின் குவார்ட்டர்பேக் ரிச் கானனாகத் தாமே நடித்து, அவன் எப்படிக் கூவுவான், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தம் ஆட்டக்காரர்களுக்குக் கற்பித்தார். தங்கள் பரிபாஷையை அடியோடு மாற்றிக்கொள்ளாமலே ஓக்லண்ட் களம் இறங்கியது. அப்பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது பெற்றிருந்த கானனின் ஐந்து எறிதல்களை டாம்பா வழிமறித்துப் பிடித்து, அவற்றில் மூன்றை நேரே எல்லைக்கோட்டுக்கே கொண்டு சென்று, 48க்கு 21 என்று வென்றது. ஓக்லண்ட் ரசிகர்களுக்கு அது ஆறாத புண். ஆயினும் அதை வஞ்சனை என்று சொல்ல வழியில்லை. க்ரூடன் கொண்டுபோனது தம் தலைக்குள் இருந்ததைத்தான்.

மறுபடியும் 2007க்கு வருவோம். காமிரா பிடிபட்ட நான்காம் நாளே, செப்டம்பர் 13 அன்று, லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் தீர்ப்பு வழங்கினார்: பெலிசிக்குக்கு 5,00,000 டாலர் அபராதம், குழுவுக்கு 2,50,000 டாலர், அத்துடன் 2008ஆம் ஆண்டுப் புது ஆட்டக்காரர் தேர்வில் குழுவின் முதற்சுற்று உரிமை பறிமுதல். கேட்பதற்குக் கடுமையான தண்டனைதான். ஆனால் பேட்ரியட்ஸிடம் அவ்வாண்டு முதற்சுற்றில் இன்னோர் உரிமையும் இருந்தது. முந்தைய வசந்தத்தில் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸுடன் செய்த பேரத்தில் கிடைத்த அது, அக்குழு மோசமாக ஆடியதால் ஏழாம் இடத்து உரிமையாக மதிப்பு உயர்ந்து நின்றது. அந்த உரிமையை மூன்று இடம் கீழே மாற்றிக்கொண்டு அவர்கள் தேர்ந்தெடுத்த ஜெராட் மேயோ, அப்பருவத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். அதே 49ஏர்ஸ் பேரத்தில் கிடைத்த நான்காம் சுற்று உரிமையை ஓக்லண்டிடம் கொடுத்து அவர்கள் வாங்கிய ராண்டி மாஸ், 2007இல் 23 முறை எல்லைக்கோட்டில் பந்து பிடித்துச் சாதனை படைத்தார். தண்டனை பெற்ற குழு, பதினாறு பந்தயங்களிலும் தோல்வியின்றிச் சென்று, 2008 பிப்ரவரி 3 அன்று இறுதிப் பந்தயத்தில்தான் 17க்கு 14 என்று நியூயார்க் ஜயன்ட்ஸிடம் வீழ்ந்தது.

தண்டனையின் அளவைப் பற்றி நான் வழக்காட விரும்பவில்லை. அதற்குப் பின் நடந்ததுதான் இந்த வரலாற்றில் மன்னிக்கமுடியாத பகுதி. பேட்ரியட்ஸ் ஒப்படைத்த ஆறு ஒளிநாடாக்களையும் குறிப்புகளையும் லீக்கின் அதிகாரிகள் அம்மாதத்திலேயே அழித்துவிட்டார்கள். எவரும் அவற்றால் அநியாய லாபம் அடையக்கூடாது என்பது குடெல் கூறிய காரணம். குற்றம் நடந்ததற்குப் பிரத்தியட்ச சாட்சியமாக இருந்ததை, விசாரிக்கும் ஸ்தானத்தில் இருந்தவர்களே தங்கள் கையால் நாசம் செய்துவிட்டு, இனி எல்லோரும் எங்கள் வார்த்தையை நம்புங்கள் என்றார்கள். பென்சில்வேனியா மாகாணத்து செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் இதைப் பொறுக்கவில்லை. உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. தன் விசாரணை நாடாக்களை அழித்ததோடு இதை ஒப்பிட்டு, ஆணையரை நேரில் அழைத்து விளக்கம் கேட்டார். 2008 பிப்ரவரியில் நடந்த அந்தச் சந்திப்பில்தான், படமெடுக்கும் வழக்கம் பெலிசிக் பதவியேற்ற 2000ஆம் ஆண்டு முதலே இருந்துவந்தது என்ற உண்மை வெளிப்பட்டது.

அந்த உண்மை வெளிவந்ததும் சந்தேகம் பின்னோக்கிப் பாய்ந்தது. பேட்ரியட்ஸ் அதுவரை வென்றிருந்த மூன்று சூப்பர் பவுல்களிலும் வெற்றியின் இடைவெளி மூன்றே புள்ளி. டெக்ஸாஸின் ஹூஸ்டனில் 2004 பிப்ரவரி 1 அன்று கரோலினா பாந்தர்ஸை 32க்கு 29 என்று வென்ற பந்தயமும் அவற்றுள் ஒன்று. கடைசி விநாடிகளில் ஆடம் வினாட்டியேரி உதைத்த ஓர் உதையில் கைமாறிய பட்டம் அது. தோற்றவர்கள், அந்த மூன்று புள்ளிக்குள் ஒரு காமிரா இருந்ததோ என்று எண்ணத் தொடங்கினால் அவர்களை யார் குறை கூற முடியும்? வென்ற ஆட்டக்காரர்களின் கதியும் பரிதாபமே. 2002 சூப்பர் பவுலுக்கு முந்திய நாள் செயின்ட் லூயி ராம்ஸின் ஒத்திகையைப் பேட்ரியட்ஸ் படமெடுத்ததாகப் பாஸ்டன் ஹெரால்டு பத்திரிகை எழுதிற்று. 2008 மே மாதம் முன்னாள் படப்பதிவு ஊழியர் மாட் வால்ஷ் தம்மிடமிருந்த எட்டு நாடாக்களை ஒப்படைத்தபோது, அவற்றில் பழைய பந்தயச் சைகைகள் இருந்தனவேயன்றி ஒத்திகை எதுவும் இல்லை. ஹெரால்டு மே 14 அன்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. ஆயினும் ராம்ஸ் தரப்பில் அச்சந்தேகத்தைக் கைவிடாதவர்கள் இருந்தார்கள். ஆறு நாடாக்களும் பத்திரமாக இருந்திருந்தால், செய்த குற்றம் இவ்வளவுதான், செய்யாதது இது என்று நிர்ணயித்திருக்கலாம். அழித்தவர்கள், குற்றவாளியின் குற்றத்தை மாத்திரமல்ல, அவன் எந்த அளவுக்கு நிரபராதி என்பதற்கான சான்றையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இதே கேள்வி எழுந்து வேறு விதமாக முடிந்ததை நினைத்துப் பார்க்கிறேன். 2013இல் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தில் கிரிக்கெட் வாரியம் தானே அமைத்த இருவர் விசாரணைக் குழு செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது; உச்ச நீதிமன்றம் நீதிபதி முத்கல் தலைமையில் தனிக் குழுவை நியமித்தது; பின்பு நீதிபதி லோதா குழு 2015 ஜூலை 14 அன்று சென்னை சூப்பர் கிங்ஸையும் ராஜஸ்தான் ராயல்ஸையும் ஈராண்டு விலக்கிவைத்தது. சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு அது கசப்பாகவே இருந்தது. ஆனால் விசாரித்தவர்கள் வாரியத்தின் ஊழியர்கள் அல்லர், அவர்களுடைய அறிக்கையும் ஏட்டில் இருக்கிறது. ஸ்பெக்டர் அமெரிக்காவில் வேண்டியதும் அத்தகைய சுயேச்சையான விசாரணையைத்தான். அது நடக்கவில்லை.

நடந்தது ஒரு சிறு சீர்திருத்தம். 2008 ஏப்ரலில் குழுக்களின் உரிமையாளர்கள் கூடி, தடுக்கும் தரப்பிலும் ஓர் ஆட்டக்காரனின் தலைக்கவசத்தில் ரேடியோ வைக்க அனுமதித்தார்கள். அந்தக் கவசத்தின் பின்புறம் ஒட்டப்படும் பச்சைப் புள்ளியைத் தொலைக்காட்சியில் இன்றும் காணலாம். திருடுவதற்குரிய கைச்சைகைகள் தொழில்முறை ஆட்டத்தில் அதோடு பெரும்பாலும் ஒழிந்தன. ஆனால் கல்லூரி ஆட்டத்துக்கு அந்த ரேடியோ 2024 வரை வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டில், ஒரு காலத்தில் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸைப் பயிற்றிய ஜிம் ஹார்பாவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, எதிரிகளின் மைதானங்களுக்கே ஆள் அனுப்பிச் சைகைகளைத் திரட்டியதாக எழுந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.