நூறு விழுக்காடும் தொண்ணூற்றொன்பது ஆடுகளும்

மே மாதம் வந்துவிட்டால் பெற்றோரின் உள்ளங்களில் ஓர் அலைக்கழிப்பும் வந்துவிடுகிறது. தேர்வு முடிவுகள் வெளியான சில நாள்களுக்குள், அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் செல்லும் சாலையோரங்களில் பள்ளிகளின் விளம்பரப் பலகைகள் எழுந்து நிற்கின்றன. "நூறு விழுக்காடு தேர்ச்சி" என்கிறது ஒன்று. "வட்டாரத்தில் முதலிடம்" என்கிறது மற்றொன்று. இப்பலகைகளை நம்பி நகையை அடகு வைப்போரும், நிலத்தை ஒத்திக்கு விடுவோரும் நம் பங்குகளில் உண்டு. பிள்ளையின் எதிர்காலத்துக்காகச் செய்யும் தியாகத்தை எவரும் குறை கூற இயலாது. ஆயினும், அத்தியாகத்தை எதன் மேல் கட்டி எழுப்புகிறோம் என்பதைச் சற்றே நின்று சிந்திப்பது நம் கடமை. பள்ளிகளை வரிசைப்படுத்திக் காட்டும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினாவுக்கு வரலாறு நமக்குச் சில பாடங்களை வைத்திருக்கிறது.

மானியத்தில் தொடங்கிய கதை

1844ஆம் ஆண்டு, ஆயர் பொன்னாந்து ஆண்டகையின் தலைமையில் புதுச்சேரியில் மறைப்பணியாளர்களின் மாமன்றம் கூடியது. சுதேசக் குருக்களை உருவாக்குதல், மக்களுக்குக் கல்வி அளித்தல் ஆகியவற்றை அது முதன்மைப் பணிகளாக ஏற்றுக்கொண்டது. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைச் சமூகம் ஏளனம் செய்த காலம் அது. அதே ஆண்டில் துப்புய் அடிகளார் பெண்கல்விக்கென்றே மரியாவின் தூய இருதயக் கன்னியர் சபையைப் புதுச்சேரியில் தொடங்கினார். அந்நாளில் எவரேனும் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியிருந்தால், எழுத்தறிவே இல்லாத இல்லங்களிலிருந்து வந்த சிறுமியரைக் கொண்ட அப்பள்ளிகள் எந்த இடத்தில் நின்றிருக்கும்? கடைசி இடத்தில்தான். ஆனால் தமிழகத்தின் தலைவிதியை மாற்றியவற்றுள் அவையும் அடங்கும் என்பதை இன்று யார் மறுப்பார்?

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பின், தனியார் பள்ளிகளுக்கும் மறைப்பணிப் பள்ளிகளுக்கும் அரசின் உதவி மானியம் கிடைத்தது. அதைத் தொடர்ந்து எழுந்த சிக்கல்தான் நம் பொருளுக்கு நெருக்கமானது. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு கொடுப்பது? இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ என்பவர் ஒரு வழி கண்டார். அதிகாரி பள்ளிக்கு வந்து படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார்; தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் கிடைக்கும். தேர்ச்சிக்கு ஏற்ற இம்மானிய முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

விளைவு என்ன? கவிஞரும் பள்ளி ஆய்வாளருமாக இருந்த மேத்யூ ஆர்னால்டு அங்கே தொடக்கத்திலேயே எச்சரித்தார். பிள்ளைகள் பாடநூலை வாசிக்கக் கற்கவில்லை, ஒப்பிக்கக் கற்றார்கள். ஆசிரியரின் கண்ணுக்கு ஒவ்வொரு பிள்ளையும் இத்தனை பணம் என்று தோன்றலாயிற்று. மெல்லக் கற்கும் பிள்ளை நட்டக் கணக்கில் சேர்ந்தது. இந்தியாவில் 1904ஆம் ஆண்டு கர்சன் பிரபுவின் அரசு வெளியிட்ட கல்வித் தீர்மானம் இம்முறைக்கு முடிவு கட்டியது. அம்முறை போயிற்று, அதன் ஆவி மட்டும் போகவில்லை.

முதலிடங்களின் காலம்

1911இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கி, 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடைபெற்றது. அதன்பின் பல்லாண்டுகளாக மே மாதம்தோறும் மாநில அளவில் முதல் மூன்று இடம் பெற்றவர்களின் படங்கள் நாளேடுகளின் முதல் பக்கத்தை நிறைத்தன. பிள்ளையின் புகழ் பள்ளியின் புகழாயிற்று. பள்ளியின் புகழ் கட்டணமாயிற்று. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007இல் நீக்கப்பட்டபின், 1200க்குப் பெற்ற மதிப்பெண் ஒன்றே மருத்துவக் கல்லூரியின் வாயிலையும் பொறியியல் கல்லூரியின் வாயிலையும் திறக்கும் திறவுகோலாயிற்று.

இக்காலத்தில்தான் நாமக்கல் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகள் மாநிலமெங்கும் பெயர் பெற்றன. பல தனியார் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடம் நடத்தப்படவே இல்லை. இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே திரும்பத் திரும்ப ஓதப்பட்டது. மக்கள் இவற்றுக்குப் 'பிராய்லர் பள்ளிகள்' என்று பெயரிட்டார்கள். பட்டியலில் முதலில் நின்ற பிள்ளைகள் சிலர் கல்லூரியின் முதலாண்டுக் கணிதத்தின் முன் திகைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

2017 மே மாதத்தில், தேர்வு முடிவுகள் வெளியாவதற்குச் சற்று முன்பாகத் தமிழக அரசு மாநிலத் தரவரிசை வெளியிடும் வழக்கத்தைக் கைவிட்டது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியது. அப்பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையும் கைவிடுவதாக 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்தது. மாணவர்களின் தரவரிசை ஒழிந்தாலும், நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டிய பள்ளிகளின் எண்ணிக்கையும், மாவட்டவாரியான தேர்ச்சி விழுக்காடும் தொடர்ந்து வெளிவருகின்றன. எனவே போட்டி வேறு உருவில் தொடர்கிறது. தொற்றுநோய்க் காலமான 2021இல் பொதுத்தேர்வே இன்றிப் பத்தாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு எல்லாப் பள்ளிகளும் நூறு விழுக்காடுதான். அந்த எண்ணைக் கொண்டு எந்தப் பெற்றோரும் எதையும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

எண்ணப்படாத பிள்ளை

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். தேறமாட்டார்கள் என்று கருதப்பட்ட எட்டுப் பேரின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மீதி முப்பத்திரண்டு பேர் தேர்வு எழுதி முப்பத்திரண்டு பேரும் தேறுகிறார்கள். நூறு விழுக்காடு! அருகிலுள்ள அரசுப் பள்ளியிலும் நாற்பது பேர். வெளியேற்றப்பட்ட எட்டுப் பேரையும் அது சேர்த்துக்கொள்கிறது. நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தைந்து பேர் தேறுகிறார்கள். விழுக்காடு 93.75. பட்டியலில் முன்னது முதலிடம், பின்னது எங்கோ கீழே. ஆனால் எந்தப் பள்ளி மிகுதியான பிள்ளைகளைக் கரையேற்றியது? தள்ளிவிடப்பட்ட பிள்ளைகளையும் தேற்றிய பள்ளி எது?

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு முன்பாகப் பள்ளி மாற்றப்பட்ட பிள்ளைகளையும், தனித்தேர்வராக எழுதும்படி சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் அறியாத பங்குகள் நம்மிடையே மிகச் சிலவே. வேதனை என்னவென்றால், திருச்சபையின் பெயரைத் தாங்கிய பள்ளிகளும் இச்சோதனைக்கு முற்றிலும் விலக்கானவை அல்ல.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமையை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கிறேன். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போக, மேய்ப்பர் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிச் செல்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்த ஒன்று வந்து சேரும்வரை மந்தை நிறைவடையவில்லை. நம் காலத்துப் பள்ளிக் கணக்கோ இதைத் தலைகீழாக்குகிறது. நலிந்த ஆட்டை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு, உள்ளே எஞ்சியதை நூறு விழுக்காடு என்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று கற்பிக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிகள் ஏழைகள்மீது தனி அக்கறை காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறது. 1977இல் உரோமை வெளியிட்ட கத்தோலிக்கப் பள்ளி பற்றிய ஏடும் இக்கடமையை மீண்டும் வலியுறுத்தியது. இவ்விரு ஏடுகளிலும் பள்ளியின் பெருமைக்கு அளவுகோலாகத் தேர்ச்சி விழுக்காடு வைக்கப்படவில்லை.

நாடளாவிய பட்டியல்கள்

நம் ஊர்ப் பலகையை நம்பாதவர்களும், அகில இந்திய அளவில் இதழ்கள் வெளியிடும் பட்டியல்களைக் கண்டால் மயங்கிவிடுகிறார்கள். நாடு பெரிதாகப் பெரிதாக, தரவரிசை வகுப்பவர் பள்ளியிலிருந்து விலகிப் போகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர் கையில் இருப்பவை தாள்களும், பிறர் அனுப்பிய புள்ளிவிவரங்களும், பலரிடம் கேட்டறிந்த கருத்துகளுமே.

இத்துறையில் மிகுந்த அனுபவம் உள்ள அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2012இல் அங்குள்ள புகழ்பெற்ற இதழ் ஒன்று அரசு உயர்நிலைப் பள்ளிகளின் தேசியத் தரவரிசையை வெளியிட்டது. நெவாடா மாநிலத்துப் பள்ளி ஒன்று நாட்டிலேயே 13ஆம் இடம் பெற்றது. பின்னர் ஆராய்ந்தபோது, மாணவர் எண்ணிக்கை உள்ளிட்ட விவரங்களே தவறாகப் பதிவாகியிருந்தது தெரியவந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயின்ற பள்ளியில் ஐந்நூறு பேர்கூட இல்லை என்று கணக்கு சொல்லியிருந்தது! இதழ் அப்பள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பள்ளியின் வாயிலில் ஒருமுறை நின்று பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய உண்மை, நாடு முழுவதையும் அளந்தவருக்குத் தெரியவில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அப்படியானால் எண்களே வேண்டாமா? அவ்வாறு சொல்வதும் நேர்மையாகாது. ஆண்டுதோறும் பாதிப் பிள்ளைகள் தோல்வியுறும் பள்ளியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை எண் உரக்கச் சொல்கிறது. அதைக் கேட்டாக வேண்டும். எண்ணை ஒரு சாட்சியாக ஏற்போம். ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது முறையன்று.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டபின் வேறு சில வினாக்களையும் துணிந்து கேளுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதினார்கள்? இடையில் சென்றவர்கள் ஏன் சென்றார்கள்? பதினோராம் வகுப்புப் பாடம் அந்த ஆண்டிலேயே நடத்தப்படுகிறதா? ஆசிரியர்கள் நிலைத்திருக்கிறார்களா, ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார்களா? ஆய்வுக்கூடத்தின் பூட்டு திறக்கப்படுகிறதா? பெண்பிள்ளைகளுக்குத் தூய்மையான கழிப்பறை உண்டா? பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் யாரேனும் அருகிருந்து சொல்லித் தருகிறார்களா? இவற்றுக்கான விடைகள் எந்தப் பட்டியலிலும் அச்சாவதில்லை. அங்கே பயிலும் பிள்ளைகளின் தாய்மாரிடம் அவை கிடைக்கும்.

நம் செஞ்சிக் கோட்டையைத் தொலைவிலிருந்து காண்போர் இராசகிரியின் உயரத்தைக் கண்டு வியப்பர். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டபோது, அக்கோட்டை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. உயரத்தால் மட்டும் அது இயலவில்லை. உள்ளே நெற்களஞ்சியங்கள் இருந்தன; குளங்களும் வற்றாத சுனையும் இருந்தன. அவை சாலையில் செல்வோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே சென்று பார்த்தவர்களே அவற்றை அறிவார்கள்.

வரும் கல்வியாண்டில் பிள்ளையைச் சேர்க்கும் முன், பள்ளிக்குள்ளே சென்று பாருங்கள். நம் மறைமாவட்டப் பள்ளிகளை நடத்துவோரும், எத்தனை விழுக்காடு என்று அறிவிக்கும்போது, எத்தனை பேரை இழந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் துணிவு பெறுவார்களாக. அந்த ஒரு பிள்ளையின் பெயரை மேய்ப்பர் நம்மிடம் நிச்சயம் கேட்பார்.