தொழிற்பயிற்சி நிலையம்

தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.): பள்ளிக் கல்விக்குப் பின் குறிப்பிட்ட தொழிலில் திறன் பெற்ற தொழிலாளர்களை உருவாக்கும் இந்தியக் கல்வி நிறுவனம். 1950-இல் இந்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இது இயங்குகிறது.

ஆட்சி: பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றின் தரத்தை மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் வகுக்கிறது. அரசு நிலையங்களை அன்றாடம் நடத்தும் பொறுப்பு மாநில அரசுகளுடையது. தனியார் நிலையங்களும் உண்டு.

பயிற்சி: ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், வெல்டர் முதலிய பிரிவுகளில், பிரிவுக்கேற்ப எட்டாம் அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றோர் சேரலாம். வெல்டர் பயிற்சி ஓராண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீசியன் பயிற்சி ஈராண்டு. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி பட்டறையில் கழிகிறது. தேர்ச்சி பெறுவோருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. தொடர்ந்து, 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம்.

கல்வி அமைப்பில் இடம்: கோத்தாரி ஆணையம் (1964–66) பள்ளிக் கல்வியில் தொழிற்கல்வியை வலியுறுத்தியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பொதுக்கல்வியையும் தொழிற்கல்வியையும் இணைக்கக் கோருகிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் விதிகளுக்கு உட்பட்டு பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

மதிப்பீடு: மதிப்பெண் குறைந்தவர்களுக்கான புகலிடம் என்ற சமூகப் பார்வையும் பழைய இயந்திரங்களும் இந்நிலையங்களின் நெடுநாள் குறைகள். எனினும், குறைந்த செலவில் ஏழை மாணவர்களை நிலையான வேலைக்குக் கொண்டுசேர்க்கும் வழிகளுள் இது இன்றும் முதன்மையானது.